தாயின் மனநலம்: அரசின் படிவத்தில் இல்லாத கேள்வி

புது தில்லி: பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதைத் தடுப்பதில் நாடு கண்டுள்ள முன்னேற்றத்தை எவரும் மறுக்க இயலாது. 2014-16 காலகட்டத்தில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு 130 ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம், 2019-21 காலகட்டத்தில் 93 ஆகக் குறைந்துள்ளதாக மாதிரிப் பதிவு முறைப் புள்ளிவிவரங்கள் தெரிவிக்கின்றன. அதே 2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பிரசவங்களில் 89 சதவீதம் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடைபெறுகின்றன. 2005-ம் ஆண்டு ஜனனி சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கிய ஆட்சியும், அதற்குப் பின் வந்த ஆட்சியும் இந்தச் சாதனையில் தத்தம் பங்கை உரிமை கோருகின்றன. இரு தரப்புக்கும் அதில் நியாயம் உண்டு.

ஆனால் குழந்தையுடன் வீடு திரும்பிய தாய், அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு மத்திய சுகாதார அமைச்சகத்திடம் தெளிவான பதில் இல்லை. உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, குழந்தையைத் தூக்கவே விருப்பமின்மை, "நான் இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஆகியவற்றுடன் மாதக்கணக்கில் ஒரு பெண் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாலும், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. குழந்தையின் எடை ஏறுகிறது; தடுப்பூசித் தேதி ஏறுகிறது; தாயின் ரத்தசோகை அளவும் ஏறுகிறது.

இது அரிதான நோயும் அல்ல. இந்தியாவில் நடைபெற்ற 38 ஆய்வுகளை, ஏறத்தாழ 20 ஆயிரம் தாய்மார்கள் பற்றிய தகவல்களைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதத் தாய்மார்களிடம் காணப்படுவதாக அது கணக்கிட்டது. இந்த ஆய்வுகளில் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டவை என்பதால் அந்த எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுவோம். அப்படியே கொண்டாலும், ஆண்டுக்கு 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கும் நாட்டில், பாதிக்கப்படும் தாய்மார்களின் எண்ணிக்கை பல லட்சங்களாகும். பிரசவத்தை ஒட்டி உடனடியாகத் தோன்றும் கடுமையான மனப்பிறழ்வு வேறு வகை. அது ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கே வருவது. அதற்கு மருத்துவமனைச் சிகிச்சை உடனடியாகத் தேவை. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் முதல் வகை பற்றியே.

பசியும் அடியும்

இந்த மனச்சோர்வை உடலின் சுரப்பிகள் செய்யும் வேலை என்று சொல்லி ஒதுக்கிவிடும் போக்கு மருத்துவர்களிடையேயும் உண்டு. 2002-ல் வெளியான இரு இந்திய ஆய்வுகள் அதைக் கேள்விக்குள்ளாக்கின. முதலாவது கோவாவில் நடைபெற்றது. பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களான தாய்மார்களில் 23 சதவீதத்தினர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்திலேயே அறிகுறிகள் இருந்தன. பாதிக்கும் மேற்பட்டோர் 6 மாதங்கள் கழிந்த பின்னும் மீளவில்லை. வறுமையும் கணவருடனான மோசமான உறவும் முக்கியக் காரணங்களாக இருந்தன. பிறந்தது பெண் குழந்தை என்றால், வீட்டில் நிலவும் பசியும் கணவரின் வன்முறையும் தாயின் மனத்தைத் தாக்கும் வேகம் மேலும் கூடியது.

இரண்டாவது ஆய்வு தமிழக வாசகர்களுக்கு நெருக்கமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், பிரசவித்த பெண்களில் 19.8 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. புதிதாக, பிரசவத்துக்குப் பிறகே அது தோன்றிய விகிதம் 11 சதவீதம். சுகாதாரக் குறியீடுகளில் முன்னணியில் உள்ள தமிழகம், இந்த ஒரு விஷயத்தில் பிற மாநிலங்களைவிட வெகுவாக வேறுபட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தாயின் துயரம் தாயோடு நிற்பதுமில்லை. மனச்சோர்வுற்ற தாய்மார்களின் குழந்தைகள் 6-வது மாதத்தில் எடை குறைந்து காணப்படுவதைக் கோவா ஆய்வுக் குழுவினர் பின்னர் வெளியிட்ட தகவல்கள் காட்டின. குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை ஒழிக்க 2018-ல் போஷண் அபியான் திட்டத்தை அறிவித்த அரசு, மாவையும் முட்டையையும் பற்றிப் பேசும் அளவுக்கு, அதை ஊட்ட வேண்டிய கையைப் பற்றிப் பேசவில்லை.

வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடைபெறுவது வழக்கம். முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு செல்லும் நம் வழக்கம் அங்கு பொதுவானதன்று. மனம் விட்டுப் பேச ஒருவரும் அருகில் இல்லாத நிலையில், அந்தப் பெண் தன் துயரத்தை "உடம்பு வலிக்கிறது', "பலவீனமாக இருக்கிறது' என்றே மருத்துவரிடம் சொல்கிறாள். அவளுக்குச் சத்து மாத்திரை எழுதித் தரப்படுகிறது.

ஜார்க்கண்ட் காட்டிய வழி

இந்தச் சூழலில், மனநலத்தைக் குறிவைக்காமலேயே மனநலத்தில் பலன் கண்ட ஒரு முயற்சியை இங்கு விரிவாகக் குறிப்பிடுவது பொருத்தம். ஜார்க்கண்டின் சக்ரதர்பூரை மையமாகக் கொண்ட "ஏக்ஜுட்' என்ற தன்னார்வ அமைப்பு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களுடன் இணைந்து 2005 முதல் 2008 வரை ஒரு பரிசோதனையை நடத்தியது. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சாவான், அப்போதைய ஒரிசாவின் கியோஞ்சர் ஆகிய 3 மாவட்டங்கள் களமாயின. பழங்குடியினர் பெருமளவில் வாழும் பகுதிகள் இவை. மொத்தம் 36 தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றில் குலுக்கல் முறையில் 18-ல் மட்டும் பெண்கள் குழுக்கள் இயங்கின.

குழுவை நடத்தியவர் மருத்துவரோ செவிலியரோ அல்லர். அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண். மாதம் ஒரு கூட்டம் என 20 கூட்டங்கள். கதை சொல்வது, படங்களை வைத்து விவாதிப்பது, விளையாட்டு ஆகியவையே வழிமுறை. எந்தத் தாய் எதனால் இறந்தாள், எந்தச் சிசு ஏன் பிழைக்கவில்லை என்று ஊர்க் கதைகளையே எடுத்துப் பேசினார்கள். எந்தப் பிரச்சினை முதலில் தீர்க்கப்பட வேண்டியது என்பதைப் பெண்களே முடிவு செய்தார்கள். அவசரத்துக்குப் பணம் சேர்ப்பது, மருத்துவமனைக்குப் போக வண்டி ஏற்பாடு செய்வது போன்ற தீர்வுகளையும் அவர்களே வகுத்து, ஊராரைக் கூட்டி அறிவித்தார்கள். முதலாம் ஆண்டில் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை. மூன்றாம் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

2010-ல் "லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. தில்லியின் அதிகாரிகள் இந்த எண்ணை மட்டுமே எடுத்துக்கொண்டனர். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது: தாய்மார்களின் மிதமான மனச்சோர்வு மூன்றாம் ஆண்டில் 57 சதவீதம் குறைந்திருந்தது.

இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை என்பதை ஆய்வாளர்களே தெளிவாகப் பதிவு செய்துள்ளனர். பலன் தாமதமாக, குழுக்கள் வேரூன்றிய பிறகே வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தத் தாமதமே விளக்கத்தையும் தருகிறது. எந்தக் கூட்டத்திலும் மனச்சோர்வு என்ற சொல் பாடமாக நடத்தப்படவில்லை. மருந்து தரப்படவில்லை. மாமியாரின் அனுமதியோடு மாதம் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே வந்து, தன் வயதொத்த பெண்களோடு அமர்ந்து, தன் சொல்லுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஒரு பெண் உணர்வதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. திட்டங்களை நிதியாண்டுக் கணக்கில் மதிப்பிடும் நம் நிர்வாக முறைக்கு இந்தப் பொறுமை கிடையாது.

இம்முறையை ஆஷா பணியாளர்களைக் கொண்டே நடத்த முடியும் என்பதும் பின்னர் நிரூபிக்கப்பட்டது. ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநில அரசுகள் இத்தகைய கூட்டங்களைத் தங்கள் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டன. சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் சிசு இறப்பைக் குறைக்கும் கருவியாகவே அவை சேர்க்கப்பட்டன. தாயின் மனநலம் நோக்கங்களின் பட்டியலில் இடம்பெறவில்லை.

சகியும் சகோதரியும்

கோவாவில் "சங்காத்' அமைப்பு மேற்கொண்ட முயற்சி நேரடியாக மனச்சோர்வைக் குறிவைத்தது. "சகி' என்று அழைக்கப்பட்ட உள்ளூர்த் தாய்மார்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளைக் கர்ப்ப காலம் தொடங்கி பிரசவத்துக்குப் பின்னரும் வீடு தேடிச் சந்தித்துப் பேசினார்கள். 280 பெண்கள் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, சகியின் துணை பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தனர். துணை பெறாதவர்களில் 60 சதவீதத்தினர். அறிகுறிகளின் கடுமையைக் கொண்டு அளந்தபோது வித்தியாசம் உறுதியாகவில்லை. பலன் உண்டு, ஆனால் சிறிது என்பதே நேர்மையான மதிப்பீடு.

இந்த முறையின் மூலம் இந்தியாவில் இல்லை, பாகிஸ்தானில் உள்ளது. தில்லி அலுவலகங்களில் அந்த நாட்டை முன்னுதாரணமாகக் காட்டுபவர்கள் குறைவு என்றாலும், உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ராவல்பிண்டி மாவட்டத்தின் கிராமப் பகுதிகளில் "பெண் சுகாதார ஊழியர்கள்' என்ற அரசுப் பணியாளர்களுக்கே எளிய உளவியல் பயிற்சி அளித்து, மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மானின் குழு நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. 6 மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்ற ஊழியர்கள் சென்று வந்த தாய்மார்களில் 23 சதவீதத்தினரிடம் மட்டுமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வழக்கமான வருகை மட்டும் இருந்த பகுதிகளில் அது 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதைக் கையேடாகவே வெளியிட்டது. கேரளம் தனது "அம்மா மனசு' திட்டத்தின் வழியே கிராமச் செவிலியர்களையும் ஆஷா பணியாளர்களையும் இப்பணியில் ஈடுபடுத்தத் தொடங்கியதை இதே திசையில் எடுத்துவைத்த அடியாகக் கருதலாம்.

யார் செய்வது?

எல்லா யோசனைகளும் இறுதியில் ஆஷா பணியாளரின் வாசலிலேயே வந்து நிற்கின்றன. நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பேர். பிரசவத்துக்குப் பிறகு 3, 7, 14, 21, 28, 42-வது நாள்களில் தாயையும் சேயையும் வீட்டிலேயே சென்று பார்ப்பது 2011 முதல் அவர்களது கடமை. 2018 முதல் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை மேலும் 5 வருகைகள் சேர்க்கப்பட்டன. ஆக, பேறுகால மனச்சோர்வு தோன்றக்கூடிய காலம் முழுவதும் அரசின் சார்பில் ஒரு பெண் அந்த வீட்டுக்குள் போய்வந்து கொண்டுதான் இருக்கிறார். புதிதாக யாரையும் அனுப்பத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அரசு இன்றுவரை ஊழியர் என்று ஏற்கவில்லை. ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர் என்றே வைத்திருக்கிறது. முதல் 6 வருகைகளுக்கும் சேர்த்து 2011-ல் நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். கேரளத்தில் 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்த ஆஷா பணியாளர்களின் நீண்ட போராட்டத்தை நாடு பார்த்தது. ஒரு தாயின் கண்ணீரைக் கேட்க நேரமும் நிதானமும் தேவை. அந்த நேரத்துக்கு ஊதியம் தராமல், மேலும் ஒரு படிவத்தை மட்டும் அவர் கையில் திணித்தால், அதில் "பிரச்சினை இல்லை' என்ற கட்டத்தில்தான் குறி விழும்.

கண்டறிந்த பிறகு எங்கே அனுப்புவது என்பது அடுத்த சிக்கல். 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று கண்டறிந்தது. 1996-ல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் ஏட்டில் பெரும்பாலான மாவட்டங்களை எட்டியுள்ளது. மருத்துவர் பணியிடம் நிரம்பியிருப்பது வேறு விஷயம். 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கப்பட்ட "டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை (எண் 14416) தமிழிலும் இயங்குகிறது, பயனுள்ளது. எனினும் தானே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான் என்கிறது 2019-21 குடும்ப நல ஆய்வு. கணவரின் கைப்பேசியில், கணவர் அருகிலிருக்க, கணவர் அடிப்பதைப் பற்றி எந்தப் பெண் பேசுவாள்?

சட்டம் ஒரு கையால் தருவது

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் முற்போக்கானது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதன் 21-வது பிரிவு கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தாற்காலிகமாகப் பிரிக்கலாம்; அந்த முடிவை 15 நாள்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்; 30 நாள்களைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் தேவை. ஆனால் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துச் சிகிச்சை அளிக்கத் தனிப் பிரிவு வேண்டுமே? பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-ல் அப்படியொரு பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் இருந்த படுக்கைகள் 5. இன்றும் இத்தகைய பிரிவுகள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே உள்ளன. உரிமை சட்டப் புத்தகத்தில் நாடு முழுமைக்கும் இருக்கிறது. படுக்கை சில நகரங்களில் இருக்கிறது.

மறுபுறம், 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் மனக்கோளாறு விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக நீடிக்கிறது. மனநோய் என்ற பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்குக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் கிராமத்துப் புகுந்த வீடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிப்பதில்லை. மருத்துவமனைச் சீட்டில் மனநலப் பிரிவின் முத்திரை விழுந்துவிட்டால், நாளை அதுவே தனக்கு எதிரான சாட்சியாகும், குழந்தையும் பறிபோகும் என்ற அச்சம் பெண்ணைப் பெற்றவர்களையே வாயடைத்துவிடுகிறது.

நோயின் உச்சத்தில் தாயே சிசுவின் மரணத்துக்குக் காரணமாகும் துயரச் சம்பவங்களிலும் நம் சட்டம் பின்தங்கியே உள்ளது. பிரசவத்தால் மனநிலை குலைந்த தாயின் செயலைக் கொலையிலிருந்து வேறுபடுத்தும் தனிச் சட்டம் இங்கிலாந்தில் 1922-லேயே வந்து, 1938-ல் விரிவாக்கப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதித் தந்த நாடு, தன் தாய்மார்களுக்கு அளித்த சலுகையை இங்கு தரவில்லை. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் அது சேர்க்கப்படவில்லை. சித்த சுவாதீனமின்மை என்ற பொதுவான விலக்கு ஒன்றே அந்தத் தாய்க்கு உள்ள வழி. அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவள் மீதே சுமத்தப்பட்டுள்ளது.

பணமும் கணக்கும்

வறுமை ஒரு காரணம் என்றால், பணமும் ஒருவகையில் மருந்துதான். 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குறைந்தபட்சம் 6,000 ரூபாய் வழங்கப்பட வேண்டும் என்றது. 2017-ல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் என்று சேர்க்கப்பட்டது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக ஏச்சு வாங்கும் தாய்க்கு இது ஓரளவு ஆறுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-ல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, அமைப்புசார்ந்த பணிகளில் உள்ள சிறுபான்மைப் பெண்களுக்கானது. செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்பவள் சில வாரங்களிலேயே திரும்பிப் போகிறாள்.

தாய்மார் இறப்புக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நிகழும் தற்கொலைகளை நேரடித் தாய்மார் மரணங்களாகவே கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் பரிந்துரைத்தது. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் மருத்துவர்கள் ரகசியமாக ஆய்வு செய்யும் முறையைக் கடைப்பிடிக்கும் கேரளத்தில், ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வர, தற்கொலை முக்கியக் காரணங்களில் ஒன்றாக வெளிப்பட்டது. பிற மாநிலங்களில் அதே மரணம் காவல் நிலையத்தில் "வயிற்றுவலி தாளாமல்' என்று முடிக்கப்படுகிறது. தாய்மார் இறப்பு விகிதம் மேலும் குறைந்து தமிழகமும் மகாராஷ்டிரமும் கேரளத்தின் பாதையில் செல்லும்போது, அங்கும் இந்தக் காரணம் மேலே வரும் என எதிர்பார்க்கலாம்.

பெரிய சீர்திருத்தங்கள் ஒருபுறம் இருக்க, சிறிய ஒன்றைக் குறிப்பிடலாம். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள சுகாதார நிலையங்களுக்காக ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புகின்றனர். கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா, மனம் சோர்ந்து இருந்தீர்களா என்ற இரு கேள்விகள் அதில் உண்மையிலேயே இடம்பெற்றுள்ளன. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புற்றுநோய் ஆகியவற்றைக் கண்டறிவதற்காக வகுக்கப்பட்ட அந்தப் படிவம் 30 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் 30 வயதுக்கு முன்பே குழந்தை பெற்றுவிடுகின்றனர். அந்த இரு கேள்விகளை 42-வது நாள் வருகையின் படிவத்துக்கு மாற்ற நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமைச்சகத்தின் சுற்றறிக்கையே போதுமானது. "ஆம்' என்று பதிலளிக்கும் தாயை எந்தக் குழுவில் சேர்ப்பது, யாரிடம் அழைத்துச் செல்வது, அதற்காகும் பேருந்துச் செலவை யார் தருவது என்பவற்றையும் அதே சுற்றறிக்கை சொல்லியாக வேண்டும்.